யார் மீள்கிறார்கள்? ஏரி, நகரம், சேரி



மறைந்த நம் தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் கவிதை பற்றியும் தன்வரலாறு பற்றியும் பலமுறை பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு தண்ணீரைப் பற்றிப் பேசுவோம் என்று சொன்னபோது, இலக்கிய மேடையில் ஏரிப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அதற்கான பதில் தோழரின் வீட்டிலேயே இருக்கிறது.

அவருடைய தகப்பனார் பாகூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் நீர்கட்டியாக இருந்தவர். மழைக்காலத்து இரவுகளில் மண்வெட்டியோடு கரையைச் சுற்றி வருவது, நண்டுவளையும் எலிவளையும் அடைப்பது, மதகைத் திறந்து மூடுவது, கடைமடை வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது ஆகியவை அவர் வேலை. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் வேண்டும் என்பது ஊரிலேயே அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும். அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அறுவடை முடிந்தால் களத்துமேட்டில் மரக்காலால் அளந்து போடும் நெல்தான் கூலி. ஏரி நிரம்பினால் ஊருக்குத் திருவிழா. கலிங்கு வழிந்தால் தண்ணீர் முதலில் நுழைவது சேரிக்குள். இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே இரவில் பார்த்தார். தோழர் எழுத வந்தது அந்த இரவுகளிலிருந்து. அதனால் ஏரி எங்களுக்கு இலக்கியத்துக்கு வெளியே இருக்கும் பொருள் அல்ல.

ஒரு சூழலியலாளரின் கேள்வி

பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஹரிணி நாகேந்திரா என்ற நகரச் சூழலியலாளரை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கிலிடம் ஆய்வு செய்தவர். பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரமோடு சேர்ந்து எழுதியவர். பெங்களூரின் இயற்கை வரலாற்றைப் பற்றி 2016இல் ஒரு நூல் எழுதினார். 2019இல் சீமா முண்டோலியோடு சேர்ந்து இந்திய நகரங்களின் மரங்களைப் பற்றி இன்னொரு நூலை வெளியிட்டார். பழைய பெங்களூரைக் களமாக வைத்துத் துப்பறியும் நாவல்களும் எழுதுகிறார்.

அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் மரங்களையும் ஏரிகளையும் எண்ணுவதோடு நிற்பதில்லை. அந்த மரத்தின் நிழலில் யார் உட்கார்ந்தார்கள், அந்த ஏரியில் யார் துணி துவைத்தார்கள், யார் மாட்டுக்குப் புல் அறுத்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று கேட்கிறார்கள். பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் அவர்கள் மரங்களைக் கணக்கெடுத்தபோது, முருங்கை போன்று உணவுக்கும் மருந்துக்கும் உதவும் மரங்கள் அங்கே முக்கிய இடம் பெற்றிருந்ததைக் கண்டார்கள். வசதியானவர்களின் வீட்டு மரம் அழகுக்கு நிற்கிறது. குடிசைக்காரரின் மரம் குழம்புக்கும் நிழலுக்கும் நிற்கிறது. நகரத்தை அழகுபடுத்தும் திட்டம் வரும்போது வெட்டப்படுவது எந்த மரம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சம்பங்கி ஏரியின் கதையையும் அவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பெங்களூருக்குத் தண்ணீர் தந்த ஏரி அது. அதைச் சுற்றித் தோட்டக்காரர்களும் செங்கல் அறுப்பவர்களும் பிழைத்தார்கள். வேறிடத்திலிருந்து குழாயில் குடிநீர் வந்த பிறகு, ஏரி நகரத்துக்குத் தேவையற்றதாகத் தெரிந்தது. இன்று அங்கே கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகத் திருவிழாவுக்கென்று ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம். இந்த ஆய்விலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: ஏரியை நம்பிப் பிழைத்தவர்களின் உரிமையை முதலில் பறித்தால், பிறகு ஏரியை அழிப்பது எளிது. அதற்காகக் குரல் கொடுக்க ஆளே இருக்காது.

ஏரியை மீட்டெடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. தூர் வாருகிறார்கள், வேலி போடுகிறார்கள், நடைபாதை அமைக்கிறார்கள். காலையில் நடக்க வருபவருக்குக் கதவு திறக்கிறது. மாடு மேய்க்க வருபவருக்கும் மீன் பிடிக்க வருபவருக்கும் மூடுகிறது. பறவை திரும்பி வருகிறது, மனிதர் திரும்பி வருவதில்லை. சமத்துவம் இல்லாத நகரத்தால் வெள்ளத்தையும் வறட்சியையும் நீண்ட நாள் தாங்க முடியாது என்பதே இந்த ஆய்வுகளிலிருந்து நாங்கள் புரிந்துகொண்டது. இப்போது இதை நம் கொம்யூன்களுக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

நம் ஏரிகளின் நினைவு

பாகூருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அந்த ஊர்களின் வயலில் இறங்கிச் சேறு மிதித்தவர்களின் பிள்ளைகள் அந்தக் கல்விச்சாலையில் படித்தார்களா? பதிலை நாம் அறிவோம். இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டு ஊர்களை வரிசைப்படுத்தும்போது ஊர் நத்தத்தைத் தனியாகவும் பறைச்சேரியைத் தனியாகவும் குறிக்கிறது. சுடுகாட்டிலும் அந்தப் பிரிவினை தெரிகிறது. ஏரி வெட்டிய நாகரிகம்தான் சேரியையும் வெட்டிப் பிரித்தது.

தென்பெண்ணையிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலுக்குப் பின்னால் பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்களின் கதை இருக்கிறது. புதுச்சேரி நகரத்துக்கு முத்திரப்பாளையத்திலிருந்து தண்ணீர் போன கதையில் ஆயி என்ற தாசி வருகிறாள். அரசனின் கோபத்துக்கு ஆளாகித் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியவள் அவள். பிரெஞ்சுக்காரர்கள் அவள் பெயரில் மண்டபம் கட்டினார்கள். ஊர் மதிக்காத பெண்கள் தண்ணீர் தந்த கதைகளை ஊர் பெருமையாகச் சொல்கிறது. நமக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குளத்தையும் வாய்க்காலையும் வெட்டிய கைகளுக்குக் கதைகூட மிஞ்சவில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் ஏரிப் பராமரிப்பு நிலம் உள்ளவர்களின் சங்கங்கள் கையில் இருந்தது. 1999க்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. ஏரிச் சங்கங்களில் பெண்களையும் நிலமற்றவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது முன்வைக்கப்பட்டது. அது ஒரு நல்ல தொடக்கம். எங்கள் பக்கத்தில் சில கூட்டங்களில் நம் பெண்கள் முதன்முறையாக ஊர்ப் பொது இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் தண்ணீரை எப்போது திறப்பது, மீன் குத்தகையை யாருக்கு விடுவது, கரை மரத்தை என்ன விலைக்கு ஏலம் விடுவது என்ற பேச்சு வேறு திண்ணையில் நடந்தது. விதிகளால் பாதிக்கப்படுகிறவர்கள் அந்த விதிகளை வகுப்பதில் பங்கு பெற வேண்டும் என்பது ஆஸ்ட்ரம் சொன்ன அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. சாதி உள்ள ஊரில் கூட்டத்துக்குக் கூப்பிடுவது மட்டும் பங்கு ஆகாது என்று நாம் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி இருக்கிறது. புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஏரி. 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மனைவணிகர்களின் கண் பட்ட அந்த ஏரிக்குச் சட்டத்தின் பாதுகாப்பு தேவைதான். ஆனால் சரணாலயம் என்றவுடன், அனுமதியின்றி நுழைவதும் எதையும் எடுப்பதும் குற்றமாகிறது. புல்லுக்கும் மீனுக்கும் விறகுக்கும் ஏரியை நம்பியிருந்தவர்கள் அதே ஏரிக்கு அயலார் ஆகிறார்கள். பறவைக்கு எதிராக நாம் பேசவில்லை. பறவையையும் மனிதரையும் ஒரே திட்டத்தில் வைத்து யோசிக்க முடியும் என்கிறோம்.

நகரம் எடுப்பதும் தருவதும்

புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீர். கடலோரத்தில் உப்பு உள்ளே ஏறிக்கொண்டு வருகிறது. நன்னீர் வேண்டுமென்றால் நகரம் உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது நம் கொம்யூன்கள். நிலம் உள்ளவர் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்திக்கொள்கிறார். நிலம் இல்லாதவர் தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கிறார். நிலத்தடி நீர் இறங்க இறங்க முதலில் காய்வது நிலமற்றவரின் குடம்.

நகரம் திருப்பித் தருவது என்ன? குரும்பாப்பேட்டின் குப்பைமேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் குப்பையை அள்ளுகிறவர்கள் யார், அதன் புகையை மூச்சில் இழுப்பவர்கள் யார் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. 2024 ஜூன் 11 அன்று, வில்லியனூருக்குப் போகும் வழியில் உள்ள ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறியது. ஒரு பள்ளி மாணவி உட்பட மூன்று பெண்கள் இறந்தார்கள். சாக்கடைக்குள் இறங்கியவர்களை அந்த வாயு தலைமுறை தலைமுறையாகக் கொன்றுவந்திருக்கிறது. அப்போது நகரம் அதைச் செய்தியாக மட்டும் படித்தது. வீட்டுக்குள் வந்தபோதுதான் பதறியது. நாங்கள் இதைப் பழியாகச் சொல்லவில்லை. அந்த மூன்று பேரும் நம் மகள்களே. கீழே இருப்பவரின் உயிரைக் காக்காத அமைப்பு ஒருநாள் மேலே இருப்பவரையும் காக்காது என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

ஃபெஞ்சல் புயலின் கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மழை ஓய்ந்தது என்று மூச்சு விட்டோம். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை பொங்கி, பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி கரைபுரண்டது. 2011இல் தானே புயல் கூரைகளைக் கொண்டுபோனது. இந்த முறை வெள்ளம் வீட்டின் உள்ளே இருந்ததைக் கொண்டுபோனது.

அரசு ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் 5,000 ரூபாய் அறிவித்தது. பசித்த நேரத்தில் அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் சேதக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பயிர்ச் சேதத்துக்கு நிலத்தின் ஆவணம் வேண்டும். வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிட்டவரிடம் அது இல்லை. நட்ட வயல் அழுகியதால் அடுத்த மூன்று மாதம் களையெடுப்பும் அறுப்பும் இல்லாமல் போன பெண்ணின் கூலி எந்தப் படிவத்திலும் இல்லை. நனைந்துபோன சாதிச் சான்றிதழ், மாணவரின் மதிப்பெண் பட்டியல், கடனில் வாங்கிய தையல் எந்திரம், இவற்றுக்குப் பத்தி இல்லை.

அந்த இரவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். நம் தெருக் குடும்பங்கள் வகுப்பறைக்குள் இருந்தோம். ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த இருளர் குடும்பங்கள் நான்கைந்து வெளியே தாழ்வாரத்தில், சாரலில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வாருங்கள் என்று நம்மில் யாரும் உடனே கூப்பிடவில்லை. விடியற்காலையில் ஒரு பாட்டிதான் எழுந்து போய், "புள்ளைய வெச்சிக்கிட்டு ஏன்டி வெளியில கெடக்குறீங்க, உள்ள வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். 2016 வரை புதுச்சேரியில் பழங்குடிப் பட்டியலே இல்லை. அந்த ஆண்டுதான் இருளர்கள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டார்கள். ஊர் நம்மை வைத்த இடத்தில் நாம் அவர்களை வைத்தோம். இதை இந்த மேடையில் சொல்லாமல் சமத்துவம் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதி இல்லை.

'மீள்திறன்' என்ற சொல்

இப்போது எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் ஒரு சொல் வருகிறது: மீள்திறன். அடி விழுந்தாலும் எழுந்து பழையபடி நிற்கும் ஆற்றல் என்று விளக்குகிறார்கள். பழையபடி என்றால் எந்தப் பழையபடி? வெள்ளத்துக்கு முந்தைய நாளில் நாம் இருந்த இடம் கலிங்கின் கீழே. அங்கேயே திரும்பிப் போய் உட்காருவதற்குப் பெயர் மீள்வதா? நம் மக்கள் எவ்வளவு துன்பம் வந்தாலும் தாங்குகிறார்கள் என்று பாராட்டுகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தாங்குகிறார்கள் என்று எழுதிவிட்டால், தாங்க வைப்பவரைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அந்தச் சொல்லின் பெயரால் இன்னொரு ஆபத்தும் வருகிறது. சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள் அவை. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பிரித்து, இன்னொரு வெள்ளத்தில் விட்டார்கள். நாளை சங்கராபரணிக் கரையிலும் பாகூர் ஏரி உள்வாயிலும் ஆக்கிரமிப்பு அகற்றம் என்ற பெயரில் முதலில் எந்த வீட்டுக்கு நோட்டீஸ் வரும் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் சில புறம்போக்கில் இருப்பது உண்மை. ஊர் வேறு இடம் தராததால் அங்கே இருக்கிறோம். வாய்க்காலை மூடி மனைப்பிரிவு போட்டவருக்கு இடம் இல்லாமல் போகவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் ஆக்கிரமிப்பு என்று அழைப்பதை நாம் ஏற்க முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

தண்ணீர்ப் போராட்டம் நமக்குப் புதிதல்ல. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிப் பருகியதிலிருந்துதான் அம்பேத்கரின் இயக்கம் நாட்டுக்குத் தெரிந்தது. அங்கே கேள்வி தாகம் பற்றியது மட்டும் அல்ல, பொதுவளம் யாருக்குப் பொது என்பது. சூழலியல் மேல்சாதியாரின் பேச்சு என்று நம்மில் பலர் நீண்ட காலம் ஒதுக்கிவைத்தோம். அந்தப் பேச்சில் சாதியின் பெயரே வராததால் அப்படித் தோன்றியது. ஒதுங்கியதால் இழப்பு நமக்குத்தான். முகுல் சர்மா 2017இல் சாதியையும் இயற்கையையும் இணைத்து எழுதிய நூல் போன்றவை இப்போது வழி திறந்திருக்கின்றன. நாம் நம் மொழியில் நம் ஊரிலிருந்து எழுத வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. விடுமுறையில் உங்கள் தெருவுக்குப் போங்கள். 2024 டிசம்பரில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று வீடு வீடாக அளந்து குறியுங்கள். ஊரையும் சேரியையும் இருளர் குடிசைகளையும் ஒரே தாளில் வரையுங்கள். எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று வயதான நீர்கட்டிகளைக் கேளுங்கள். இழந்த கூலி நாட்களை எழுதுங்கள். அரசின் படிவத்தில் இல்லாத பத்திகளை நாமே உருவாக்குவோம். அந்தத் தாள் நாளை மனுவாகும், வழக்காகும், கதையாகவும் ஆகும்.

செயல்பாட்டாளர்களுக்கு ஒரு வேலை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள் நடத்துகிறார்கள். புதுச்சேரிப் பகுதியின் நான்கு தனித் தொகுதிகளான ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் எல்லாம் கிராமப்புறத்தில் இருக்கின்றன. ஆனால் தெரு அளவில், வாய்க்கால் அளவில், நம்மவர் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இல்லை. வெள்ளம் வந்த இரவில் கதவைத் தட்டிக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் என்ற கோரிக்கை நமக்கு ஒரு சூழலியல் கோரிக்கை. அதோடு ஏரிச் சங்கங்களில் நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் இருளருக்கும் வாக்குரிமையுடன் கூடிய இடம், மீன் குத்தகையில் பங்கு, சிறப்புக்கூறு நிதியிலிருந்து சேரிகளுக்கு வடிகால், வெள்ள இழப்பீட்டில் கூலி இழப்பையும் சேர்ப்பது ஆகியவற்றைக் கேட்போம்.

தோழரின் தகப்பனார் கடைசியாக மதகைத் திறந்தது எந்த ஆண்டு என்று வீட்டில் யாருக்கும் சரியாக நினைவில்லை. ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு நீர்கட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. களத்துமேட்டு நெல்லும் நின்றது. ஆனால் அந்தக் கரையில் எங்கே ஊற்று, எங்கே பலவீனம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. வெள்ளத்தில் கரை உடைந்த இடத்தைப் போய்ப் பார்த்தபோது எங்களுக்கு அவர் நினைவுதான் வந்தது. அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் நம் தெருக்களில் உயிரோடு இருக்கிறார்கள். அடுத்த மழைக்கு முன்னால் அவர்களிடம் போவோம். அவர்கள் சொல்வதை எழுதுவோம். அந்த எழுத்தோடு ஏரிச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, பேசுவோம்.

ஜெய்பீம்.